நரிக்கு இன்னும் வால் போடவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கணினியில் ஓர் இலவச இயங்குதளத்தை, அதாவது ஓஎஸ்ஸை, போட்டுப் பார்த்தேன். அதிலிருந்து வந்தது.

ஏன் போட்டுப் பார்த்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் தயாராக வைத்திருக்கிறேன். பழைய இயங்குதளத்துக்குக் காலம் முடிந்துவிட்டது, புதிய பதிப்பு இந்தப் பெட்டியில் ஏறாது, நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கதையையும் அதை வைத்தே தொடங்கினேன்.

"என் கணினிக்கு வயதாகிவிட்டது."

அடித்துவிட்டேன். பொய்யில்லை. ஆனால் விஷயம் அதுவல்ல. இரண்டாவது தொடக்கம் இப்படி:

"இறந்துபோன மனைவியின் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவன்—"

இதையும் அடித்தேன். இதைப் படித்ததும் நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள். ஒரு வருஷமாக எல்லாரும் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள்கூட.

மூன்றாவது தொடக்கம் இல்லை. நேராகச் சொல்கிறேன்.

கணினி அவளுடையது. நான் டென்டல் லேப்பில் பல் செட் செய்கிறேன். அவள் வீட்டிலிருந்தே எம்ப்ராய்டரி டிசைன் போட்டாள். ஊசி துணியில் எங்கே இறங்க வேண்டும், எந்தத் திசையில் நகர வேண்டும், எங்கே நூலை அறுத்து நிறம் மாற்ற வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஒரே மஞ்சள் நூல்தான். தையலைச் சாய்த்துப் போட்டால் வெயில் பட்ட மாதிரி இருக்கும், நேராகப் போட்டால் நிழல் மாதிரி இருக்கும். அந்த வேலைக்கென்று ஒரு மென்பொருள். விலை கொடுத்து வாங்கியது. அது இந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். வேறு பெட்டிக்கு மாற்றினால் உரிமம் செல்லாது.

அவள் கணினியை அணைத்ததே இல்லை. எழுந்துபோகும்போது உறக்கநிலையில் போடுவாள். அப்படிப் போட்டால், திறந்திருக்கிற எல்லாவற்றையும் கணினி அப்படியே ஹார்டு டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மின்சாரத்தை விட்டுவிடும். வருஷக்கணக்கில் கிடந்தாலும் கிடக்கும். மறுபடி பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்தில் வந்து நிற்கும். அம்புக்குறி நின்ற இடம்கூட மாறாது.

கடைசியாக அவள்தான் அதை உறக்கநிலையில் போட்டாள். பிறகு யாரும் எழுப்பவில்லை.*

எனக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. இதை எழுப்ப முடியவில்லை. எழுப்பாமலே பயன்படுத்த வழி உண்டா என்று தேடினேன். உண்டு.

* உறக்கம் என்ற சொல் இந்தக் கதையில் அதிகப்பிரசங்கித்தனம் செய்யப் பார்க்கிறது. விட மாட்டேன். அவள் தூக்கத்தில் சாகவில்லை. பட்டப்பகலில், நூல் வாங்கப் போன இடத்தில், பின்பக்கமாக வந்த லாரி இடித்து இறந்தாள். கணினி விஷயத்தில் உறக்கநிலை என்பது மெனுவில் இருக்கிற ஒரு சொல். அவ்வளவுதான்.

2

வழியைச் சொன்னவர் என்னோடு லேப்பில் வேலை பார்ப்பவர். நான் மெழுகில் பல் அடுக்குவேன், அவர் முடிந்த செட்டைப் பாலிஷ் போடுவார். லேப்பில் அவருக்குப் பெயர் 'சும்மா'. மென்பொருளோ, மருந்தோ, நடைப்பயிற்சியோ, எதைப் பற்றிப் பேசினாலும் "அது சும்மாவே கிடைக்குதே" என்றுதான் முடிப்பார். இப்போது அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கிறார்.

"ஏம்ப்பா, வீட்ல ஒரு பெட்டிய வச்சுக்கிட்டுப் போன்ல கட்டை விரலால கதை எழுதறியே, விரல் தேஞ்சா இங்க யாரு பல் அடுக்கறது?"

"பெட்டி அவளோடது."

பாலிஷ் சக்கரத்தை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தப் போகிறார் என்று நினைத்தேன். தாழ்த்தவில்லை.

"சரி, அவங்களோடதத் தொடாத. பென்டிரைவ்ல ஒரு ஓஎஸ் போட்டுத் தர்றேன். சொருகி, அதுல இருந்து ஆரம்பி. உள்ள இருக்கற டிஸ்க்க அது சீண்டாது. மெமரியிலயே ஓடும். அணைச்சா வந்த சுவடே இருக்காது."

"திருடன் மாதிரியா?"

"விருந்தாளி மாதிரி. காப்பிகூட வேணாம்னு சொல்ற விருந்தாளி."

"யாரு எழுதினது?"

"உலகம் பூரா உக்காந்து எழுதறாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்ததுகூடக் கிடையாது. அவன் எழுதினத இவன் திருத்துவான், இவன் திருத்தினத இன்னொருத்தன் திட்டுவான். எல்லாம் திறந்து கிடக்கு, நீயும் போய்த் திட்டலாம்."

"எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன்.

லேப் முழுக்கத் திரும்பி ஒரே குரலில் சொன்னது: "சும்மா!"

வீட்டுக்கு வந்து சொருகினேன். பொத்தானை அழுத்தியதும் விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் பழையது எழுந்துவிடும். விரல் நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை. ஒரு வருஷமாக எதற்கும் நடுங்குவதில்லை. ஆனால் தேவைக்கு அதிகமாகத் தட்டினேன்.

திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. முயன்று பார். நிறுவு. முதலாவதைத் தொட்டேன். மலைகள் போட்ட ஒரு படம் விரிந்தது. யாருடைய மலையோ. ஓரத்தில் அவளுடைய டிஸ்க் ஒரு சின்னப் படமாக நின்றது. அழுத்திப் பார்த்தேன். ஓர் அறிவிப்பு வந்தது. என் தமிழில்: இந்த டிஸ்கில் இருக்கும் இயங்குதளம் உறக்கநிலையில் இருக்கிறது, படிக்க மட்டும் திறந்து தருகிறேன், எதையும் எழுத விட மாட்டேன்.

ரோஜா, மயில், பள்ளிக்கூட முத்திரை, நரி. கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன. பெயர்கள் மட்டும்தான். அந்த மென்பொருள் இல்லாமல் எதுவும் திறக்காது.

பேசிப் புரியவைக்கத் தேவையில்லாத ஒருவர் வீட்டுக்கு வந்திருப்பது போல இருந்தது. எழுத விட மாட்டேன் என்று அதுவே சொல்லிவிட்டது.

3

[இங்கே மூன்றாம் பகுதி இருந்தது.]

'அணைச்சா வந்த சுவடே இருக்காது' என்று சும்மா சொன்னது அவளுடைய டிஸ்க்கைப் பற்றி மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் சுவடும் இருக்காது என்பது உறைக்கவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து மூன்றாம் பகுதியை எழுதினேன். 'ஆவணங்கள்' என்று ஒரு கோப்புறை இருந்தது, அதில் சேமித்தேன், அணைத்தேன். மறுநாள் கணினி என்னை முதன்முதலாகப் பார்ப்பதுபோல எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

சும்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடப்பாவி, முயன்று பாக்கறதுலயா எழுதி வச்ச? மெழுகு செட்ட மாட்டிக்கிட்டு எலும்பு கடிச்சவன் மாதிரி!"

லேப்பில் எல்லாருக்கும் புரிகிற பேச்சு. உங்களுக்காகச் சொல்கிறேன். பல் செட்டை முதலில் மெழுகில் அடுக்கி அனுப்புவோம். வாயில் வைத்துப் பார்த்து, கண்ணாடியில் சிரித்துப் பார்த்து, 'இந்தப் பல் கொஞ்சம் உள்ளே போகட்டும்' என்று சொல்வதற்காக. சொன்னால் விரலால் தள்ளிவிடலாம். பிறகுதான் கெட்டியான அக்ரிலிக். மெழுகில் இருப்பதைப் போட்டுக்கொண்டு சாப்பிடக் கூடாது.

தொலைந்துபோன பகுதியில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். அதில் அவள் பேசினாள். இந்தக் கதையிலேயே அவள் பேசிய ஒரே இடம் அதுதான். திரும்ப எழுதிப் பார்த்தேன்.

"சாப்பிட்டாச்சா என்று அவள்—" [இல்லை. அப்படிக் கேட்கிற ஆள் இல்லை.]

"திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்—" [என்ன சொன்னாள்?]

"அந்த டம்ளரைப் பெட்டிமேல வைக்காதீங்க—" [இது அவள்தான். ஆனால் இதற்கு முன்னால் ஏதோ ஒன்று இருந்தது. அதற்காகத்தான் இது.]

என்ன சொன்னாள் என்பது ஏறக்குறைய நினைவிருக்கிறது. எதற்குப் பிறகு எது, எந்த இடத்தில் சிரித்தாள் என்பது போய்விட்டது. அதனால் இந்தப் பகுதியை இப்படியே விடுகிறேன்.

(வேறொரு பென்டிரைவ் வாங்கி அதில் சேமிக்க வேண்டியதுதானே என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள்: வாங்கிவிட்டேன். இப்போது நீங்கள் வாசிப்பது அதில் இருக்கிறது.)

4

சின்னவளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சின்னவள் என்றால் மனைவியின் தங்கை. அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் பழகிவிட்டேன். அக்கா டிசைன் போடுவாள். சின்னவள் இரண்டு தெரு தள்ளித் தன் கடையில் மெஷினில் தைப்பாள். முதல் வரைவில் அவள் இப்படி வந்தாள்:

"கதவைத் திறந்ததும் அவள் கண் முதலில் கணினி மீதுதான் போனது."

இந்த வாக்கியத்தின் வேலை உங்களை அவளுக்கு எதிராகத் திருப்புவது. ஒரு கதைக்கு எதிராளி தேவை, எனக்குச் சுலபமாகக் கிடைத்தவள் அவள். அடிக்கவில்லை. அங்கேயே கிடக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

வந்தாள். திரையில் மலைகளைப் பார்த்தாள்.

"என்ன மாமா இது? அக்காவோடத அழிச்சுட்டீங்களா?"

"இல்ல. அது அடியில அப்படியே இருக்கு."

"அடியிலன்னா?"

விளக்கினேன். பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டாள்.

"அப்ப நரி இன்னும் திறந்தேதான் இருக்கு."

"இருக்கணும்."

"அன்னிக்குக் காலைல போன்ல சொன்னா. 'வால் மட்டும்தான்டி பாக்கி, மத்தியானம் அனுப்பிடறேன்'னு. குழந்தைங்க பையில போடற நரி. மூஞ்சியப் பாத்தாலே நம்மளத் திட்ட வர்ற மாதிரி இருக்கும்னா." பையை மறு தோளுக்கு மாற்றினாள். "ஆர்டர் குடுத்த பைக்காரர் வேற ஆளப் பாத்துக்கிட்டாரு. அது போகட்டும். எனக்கு அந்த நரிய முடிக்கணும் மாமா."

"உனக்குப் போடத் தெரியுமா?"

"வகுப்புக்குப் போறேன். உங்ககிட்ட சொல்லல. எத்தன நாளைக்கு அக்கா போட்ட பழசையே தச்சுக்கிட்டு இருக்கறது? அந்த ரோஜாவ இந்தத் தெருவுல எல்லாருக்கும் போட்டாச்சு. தலகாணி உறைக்குப் போட்டாச்சு. ஒருத்தங்க நாயோட சட்டைக்குப் போட்டுக் குடுன்னாங்க, போட்டுக் குடுத்தேன். புதுசா ஒண்ணு போடணும்னா அந்த மென்பொருள் வேணும். அது இந்தப் பெட்டியிலதான் இருக்கு."

"பெட்டிய எடுத்துக்கோ. கொஞ்ச நாள் போகட்டும்."

"எதுக்குக் கொஞ்ச நாள்?"

"கதை ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன்."

"எதப் பத்தி?"

"இதப் பத்தி."

"எதுல எழுதறீங்க?"

"இதுல."

அவள் கெட்டிக்காரி. இரண்டு விரலை நீட்டி, ஒன்றை மடக்கிக் காட்டினாள். "நீங்க எழுதிக்கிட்டிருக்கற வரைக்கும் அத எழுப்ப முடியாது. ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"கதை எப்ப முடியும்?"

கிளம்பிவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"நான் அக்காவ எழுப்பச் சொல்லல மாமா. கம்ப்யூட்டர எழுப்பச் சொல்றேன்."

5

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கதை என்று சொல்ல முடியாது. வேறு இயங்குதளங்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

தெரியாதவர்களுக்கு: இலவச இயங்குதளம் என்பது ஒன்று அல்ல. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவருக்குத் திரையின் மெனுப் பட்டை மேலே இருக்க வேண்டும், இன்னொருவருக்குக் கீழே. உடனே பிரிந்துபோய்த் தனி வீடு கட்டிவிடுகிறார்கள். யாரும் தடுப்பதில்லை. எடுத்துக்கொண்டு போ, மாற்று, உன் பெயரைப் போட்டுக்கொள், நீ மாற்றியதையும் மற்றவர்களுக்குத் திறந்து வை. சொத்துத் தகராறில் இப்படி ஒரு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஒன்றை இறக்குவேன். பென்டிரைவில் ஏற்றுவேன். முயன்று பார். எழுத்துரு சரியில்லை. அழித்துவிட்டு இன்னொன்று. ஒலி வரவில்லை. இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்தது, அதுவே பிடிக்கவில்லை. இன்னொன்று. எந்த ஒன்றிலும் 'நிறுவு' கட்டத்தின் பக்கம் போகவில்லை. இடையிடையே எழுந்து ஜன்னலுக்குப் போவேன், கழுவின டம்ளரைக் கழுவுவேன், திரும்பி வருவேன். நாற்காலி அவளுடைய உயரத்துக்கு வைத்தது. முட்டி மேசையில் இடிக்கிறது. ஒரு திருகைத் திருப்பினால் உயர்ந்துவிடும். [இந்த நாற்காலியை வைத்து ஒரு பத்தி எழுதலாம் என்று கை போகிறது. வேண்டாம். முட்டி இடிக்கிறது, அவ்வளவுதான்.]

லேப்பில் சும்மா கேட்டார்.

"எத முடிவு பண்ண?"

"இன்னும் சரியா ஒண்ணும் அமையல."

"அமையாது. துணிக்கடையில பாத்திருக்கியா, ஒருத்தன் சட்டையப் போட்டுப் போட்டுக் கண்ணாடி பாத்துக்கிட்டே இருப்பான். சட்டையில தப்பு இருக்காது. வீட்டுக்குப் போகப் பிடிக்கலைன்னு அர்த்தம்." சக்கரத்தை ஓடவிட்டார். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "உள்ள தூங்கறத எழுப்பி முறையா அணைச்சுட்டு வாய்யா! அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கலாம். ஒண்ணை ஒண்ணு தொந்தரவு பண்ணாது. தூங்கிக்கிட்டிருக்கற வரைக்கும்தான் பிரச்சனை."

"எழுப்பி அணைச்சா, திறந்து வச்சது போயிடும்."

"சேமிச்சுட்டு அணை."

"சேமிச்சா வேலைதான் இருக்கும். அவ விட்ட மாதிரி இருக்காது."

அவர் சக்கரத்தை நிறுத்தினார். கையிலிருந்த செட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல்தாடை, இன்னும் ஒரு பக்கம் மங்கலாக இருந்தது.

"அது தூங்கின எடத்துல இருந்து சரியா எழுந்திருக்கும்னு என்ன நிச்சயம்?" என்றார். "இவ்வளவு நாள் கழிச்சு. சில நேரம் பழச மறந்துட்டுப் புதுசா ஆரம்பிச்சுடும். தெரிஞ்சுக்கோ."

இது எனக்குத் தெரியாது. கதையின் நடுவில் ஒரு கதாசிரியனுக்குக் கிடைக்கக் கூடாத தகவல். நான் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது அங்கே இருக்கிறதா என்பதே, எழுப்பிப் பார்க்காமல் தெரியாது.

6

முடிவுகள். வசதிக்கு எழுத்துப் போட்டிருக்கிறேன்.

அ. 'நிறுவு' கட்டத்தைத் தொட்டால் முதலில் வருகிற தேர்வு 'டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவு' என்பது. அவன் அதையே அழுத்துகிறான். ஒரு பட்டை மெதுவாக நிறைகிறது. பட்டை நிறைகிற நேரத்தில் இந்த இயங்குதளத்தில் என்னென்ன வசதிகள் என்று சிரித்த முகங்களோடு படங்கள் ஓடுகின்றன. அவன் எல்லாப் படத்தையும் பார்க்கிறான்.

எழுதி முடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. துணிச்சலான முடிவு என்று யாராவது சொல்வார்கள். ஆனால் சின்னவளின் பிழைப்பை அழித்து எனக்குத் துணிச்சல் வாங்கிக்கொள்வது மாதிரி.

ஆ. அவன் வேலைக்குப் போன நேரத்தில் சின்னவள் மாற்றுச் சாவியால் வீட்டைத் திறந்து, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு, கணினியை எழுப்புகிறாள். அவன் திரும்பி வரும்போது திரையில் வால் இல்லாத நரி.

இதில் நான் எதையும் தீர்மானிக்கத் தேவையில்லை. அதனாலேயே அடிக்கிறேன். தவிர, மாற்றுச் சாவி அவளிடம் இருக்கிறது. இத்தனை நாளும் இருந்தது. அவள் வரவில்லை.

இ. இருவரும் சேர்ந்து எழுப்புகிறார்கள். வால் இல்லாத நரி எழுகிறது. சின்னவள் வாலைப் போடுகிறாள். இருவரும் அழுகிறார்கள், ஜன்னல் வழியே—

[கூசுகிறது.]

ஈ. எழுப்புகிறார்கள். கணினி பழசை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. நரி இல்லை. அவர்கள் வெற்றுத் திரையைப் பார்க்கிறார்கள்.

இது சும்மா சொன்ன தகவலால் வந்தது. இதைத்தான் எழுதப் போகிறேன் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். உணர்ச்சி இல்லாத முடிவு. எனக்குச் சௌகரியமானது.

7

இன்று ஞாயிறு. நல்ல வெளிச்சம். சின்னவள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் தட்டத் தட்டப் படிக்கிறாள். இப்படி ஒரு கதாபாத்திரத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியதில்லை.

"முடிஞ்சுதா?"

"ஒரு பத்தி."

"போன வாரமும் ஒரு பத்தின்னுதான் சொன்னீங்க."

"அது வேற பத்தி."

திரையை மேலே நகர்த்தி நான்காம் பகுதியைப் படித்தாள். உதட்டைச் சுழித்தாள்.

"'கண் முதலில் கணினி மீதுதான் போனது.' பொய். கதவத் திறந்ததும் நான் பாத்தது உங்க தாடிய. வீடு மாறி வந்துட்டேனோன்னு பயந்துட்டேன்."

"மாத்தவா?"

"வேணாம். நான் சொன்னதையும் போடுங்க."

போட்டுவிட்டேன்.

ஆறாம் பகுதியை இரண்டு தடவை படித்தாள். பையை மடியில் எடுத்து வைத்து ஜிப்பை இழுத்தாள், மூடினாள், மறுபடி இழுத்தாள். ஒரு கட்டுத் தாள்களை எடுத்து விசைப்பலகைமேலேயே வைத்தாள்.

வால்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு வால். நரி இல்லாமல் வால் மட்டும். பென்சிலில் போட்டு, தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சின்னச் சின்ன அம்புகள் போட்டிருந்தாள். ஒன்று குஞ்சம் மாதிரி புசுபுசுவென்று இருந்தது. ஒன்று வட்டமாகச் சுருண்டிருந்தது. ஒன்று கோபத்தில் விறைத்து நின்றது. நுனிக்கு மட்டும் வெள்ளை, அதற்கு முன் எங்கே நூலை அறுப்பது என்று ஒரு புள்ளி.

"வகுப்புல போட்டது," என்றாள். "எல்லாம் என்னோடது."

"நல்லா இருக்கு."

"அம்பு போட்டிருக்கறது சரியான்னு சொல்ல ஆளு இல்ல."

நான் பல் அடுக்குகிறவன். எனக்கும் தெரியாது. தாள்களை எடுத்து வரிசையாக மேசையில் பரப்பினேன். மேசை கொள்ளவில்லை, இரண்டு என் மடியில்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா. அதுக்கப்புறம் அவ முடிச்சிருந்தா?"

"என்ன?"

"போன்ல பேசினது காலைல. நூல் வாங்கக் கெளம்பினது மத்தியானம். நடுவுல அவ்வளவு நேரம் இருக்கு. அவ சுறுசுறுப்பு உங்களுக்குத் தெரியாதா. வாலப் போட்டு முடிச்சுட்டுப் போயிருந்தா? திறந்தா முழு நரியா நிக்கும். எனக்கு அதுல செய்ய ஒண்ணும் இருக்காது."

நான்கு முடிவுகளையும் திரும்பப் பார்த்தேன். நான்கிலும் நரிக்கு வால் இல்லை, அல்லது நரியே இல்லை. அவள் முடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருஷமாக அந்தப் பெட்டிக்குள் ஒரு பாதி வேலையைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். பாதி என்று யார் சொன்னது?

சின்னவளுக்கு வேண்டியது பாதி நரி. எனக்கும் அதேதான் வேண்டியிருந்திருக்கிறது. அவளுக்கு முடிப்பதற்காக. எனக்கு முடியாமல் இருப்பதற்காக.

[இந்த இரண்டு வாக்கியங்களும் மிகவும் ஒழுங்காக வந்துவிட்டன. சந்தேகமாக இருக்கிறது. விட்டுவைக்கிறேன்.]

"முடிச்சிருந்தா தச்சுரலாம்," என்றேன்.

"யாருக்கு? பைக்காரரும் இல்ல."

"உனக்கு ஒரு பை."

"நரி போட்ட பையத் தூக்கிக்கிட்டு அலையற வயசா மாமா எனக்கு?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அது வாக்கியமாக வந்துகொண்டிருக்கிறது.

"இத்தன வாலையும் என்ன பண்றது?" என்றாள்.

"வேற மிருகங்களும் இருக்குல்ல. அதுக்கும் வால் வேணும்."

"அத நான்தான் மூஞ்சியில இருந்து போடணும்."

"போடு."

மடியிலிருந்த தாள்களை எடுத்து அடுக்கினாள். அவள் பயந்துபோயிருப்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. வந்தபோதே பயத்தோடுதான் வந்திருக்கிறாள். என் பயத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை.

வாசகரே, இனி உங்களிடம் கொஞ்சம். இந்தக் கதை ஓடுகிறவரை அந்த இயங்குதளம் எழ முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எனவே முடிவை நான் இங்கே எழுத முடியாது. பிறகு வேறொரு பெட்டியில் உட்கார்ந்து எழுதலாம்தான். எழுத மாட்டேன். திரையில் என்ன வந்தது என்பது நாங்கள் இரண்டு பேர் பார்க்க வேண்டியது. முழு நரியா, பாதி நரியா, வெற்றுத் திரையா, எது வேண்டுமோ நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு முடிவுகள் தந்திருக்கிறேன். ஐந்தாவதை அவள் தந்திருக்கிறாள். எதையும் திருத்தலாம். நான் திட்ட மாட்டேன்.

"பொத்தான நீங்க அழுத்தறீங்களா, நான் அழுத்தவா?"

"ரெண்டு விரல் கொள்ளாது அதுல."

"அப்ப நான் அழுத்தறேன். சரியா?"

சரி.

இந்தச் சரியை நான் வாயால் சொல்லவில்லை, வரவில்லை, இங்கேதான் தட்டினேன். அவள் திரையில் படித்தாள். படித்துவிட்டு முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "சேமிங்க" என்கிறாள்.